மியூட்டில் பெய்த மழை

டிஸ்க் பிளேயர் கேட்டு வருகிறவர்கள் இப்போது மாதத்துக்கு இரண்டு பேரோ மூன்று பேரோதான் என்று போன வாரம் நான் கடைக்கு வந்தபோது சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தினமும் விற்கிற பொருளில் ஒரு தவறு செய்தால் மறுநாளே திருத்திக்கொள்ள வாய்ப்பு வரும். மாதத்துக்கு இரண்டு பேர் கேட்கிற பொருளில் செய்த தவறு அப்படியே உட்கார்ந்திருக்கும். என்னுடையது ஒன்று நான் ஓய்வு பெற்ற பிறகும் உட்கார்ந்திருக்கிறது.

நாள் தவறாமல் டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கிழமையும் மணியும் சொல்லிக் கேலி செய்வீர்கள். இதில் வரும் கிழமைகளெல்லாம் அந்த டைரியில் உள்ளபடியே.

முதலில் தொழில் விஷயம். ஹெச்டி டிஸ்க் பிளேயர் கேட்டு வருகிறவரிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். என்ன டிஸ்க் வைத்திருக்கிறீர்கள், வீட்டில் எந்த டிவி, சத்தம் எதில் கேட்கப்போகிறீர்கள். முதல் கேள்வியை மேனாம்பேட்டுக்காரர் ஒருவரிடம் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். கடையின் டெமோ டிஸ்கைப் போட்டுக் காட்டி பிளேயரை விற்றுவிட்டேன். அவருடைய மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய டிஸ்குகள் அதில் ஓடவே இல்லை. ஒரு பிரதேசத்துக்கென்று அடித்த டிஸ்க் இன்னொரு பிரதேசத்துப் பிளேயரில் ஓடாது என்பது எனக்குத் தெரியும். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்துக்கொண்டு அவர் எனக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து, "உங்க டிஸ்க் ரெண்டு எடுத்துட்டு வாங்க, அதைப் போட்டுப் பார்த்துட்டு வாங்கலாம்" என்று சொல்வது என் வழக்கம். அது இப்போது கடையின் வழக்கமாகவும் இருக்கிறது. நல்லது.

நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் விட்ட கதைதான் இது.

ஆடித் தள்ளுபடி நேரம். வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. குணசேகரன் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், மனைவியோடு வந்தார். கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் போடுகிறவர். நெமிலிச்சேரியில் வீடு. மனைவி பெயர் மேகலா. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது இரும்புத் தகட்டை அடித்து உதிரிபாகம் செய்கிற இடத்தில், ஸ்டோர்ஸ் பார்க்கிறார். முதல் நாள் போனில் நான் சொன்னபடி குணா தன் டிஸ்கோடு வந்திருந்தார். ஒரு பழைய தமிழ்ப் படம். அதில் தகரக் கூரையில் மழை பெய்கிற ஒரு காட்சி. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் அந்த மழையைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவாராம்.

எல்லாம் போனிலேயே வருகிறதே, டிஸ்க் எதற்கு என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"நெட்ல வர்ற சவுண்டு தண்ணி ஊத்துன பால் மாரி கீது சார். படம் பாக்குறேன்னு பேரு, சவுண்ட கொன்னு போட்டு அனுப்புறான். நமக்கு டிஸ்க்தான் சரி."

என் மூன்று கேள்விக்கும் அவரிடம் தயாராகப் பதில் இருந்தது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் வந்தால் நமக்கு ஒரு உற்சாகம் வரும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நேரம் அதுதான். நம்மைப் போலவே பேசுகிறவரிடம் நாம் எதையும் சந்தேகப்பட மாட்டோம்.

டெமோ அறையில் இரண்டு பிளேயர் எடுத்து வைத்தேன். ஒன்று சாதாரணமானது. எந்த டிஸ்கைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் ஓட்டும். திரையின் அடியில் வரும் வசன எழுத்துகளை மேலே ஏற்றி வைக்கிற வசதியும் அதில் உண்டு. இன்னொன்று கனமானது. சத்தத்துக்கென்றே தனி சர்க்யூட் வைத்துச் செய்தது. குணாவின் கண் உள்ளே நுழைந்ததுமே கனமானதன் மேல் போய்விட்டது. ஆனால் முடிவு தன்னுடையது இல்லை என்றார்.

"இவ காதுதான் சார் நமக்கு மீட்டர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மண்டபத்துல இவள நடுவுல ஒக்கார வச்சுட்டுத்தான் செட்டிங் பண்றேன். டிரெபிள் ஜாஸ்தின்னு இவ சொன்னா ஜாஸ்திதான். எங்கியும் தப்பினதில்ல."

மேகலா சிரித்தார். முதல் பிளேயரில் மழை பெய்தது. இருவரும் சோபாவில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த அம்மா திரையைப் பார்த்ததைவிடக் கணவரின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அன்னியோன்னியமான ஜோடி என்று நினைத்துக்கொண்டேன். "பரவால்ல, கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு" என்றார். குணா தொடையில் தட்டி, அதையேதான் தானும் நினைத்ததாகச் சொன்னார்.

இரண்டாவது பிளேயருக்கு ஒயரை மாற்ற வேண்டும். ஒயரைக் கழற்றும்போது ஸ்பீக்கரில் டொம்மென்று அடிக்கும் என்பதால் முதலில் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை அடக்கும் மியூட் போட்டுவிட வேண்டும். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மியூட் போட்டேன். ஒயரை மாற்றினேன். டிஸ்கைப் போட்டேன். அந்த நேரத்தில் குணாவுக்கு ஒரு திருவிழா ஆர்டர் விஷயமாகப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். பின்னால் ஒரு ஒயர் சரியாக உட்காரவில்லை என்று நான் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தேன். படம் ஓட ஆரம்பித்திருந்தது.

"சத்தம் இன்னும் போடலம்மா, ஒரு நிமிஷம்" என்று குனிந்தபடியே சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தபோது திரையில் தகரக் கூரையின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறையில் ஏசியின் ஓசையைத் தவிர ஒன்றும் இல்லை. மேகலா கவனமாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"இதுதான் நல்லா இருக்குங்க. மழை தெளிவா கேக்குது."

எனக்கு உடனே புரியவில்லை. கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் கண் மியூட் விளக்கின்மேல் போனது. என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குணா போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். மேகலா தலையை வேண்டாம் என்பதுபோல் ஒரே ஒருமுறை அசைத்தார்.

கதவு திறப்பதற்குள் நான் மியூட்டை எடுத்துவிட்டேன். மழை இரைந்துகொண்டு வந்தது. குணா வாசலிலேயே நின்று கண்ணை மூடிக் கேட்டார். "இன்னாம்மா, எது?" என்று மனைவியைத் தொட்டுக் கேட்டார். "ரெண்டாவது" என்றார் மேகலா.

"அவ்ளோதான் சார். பேக் பண்ணிடுங்க."

நான் பேக் செய்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தொழில் பழக்கிய மேலாளர் ஒரு விதி வைத்திருந்தார். வாடிக்கையாளர் சொல்லாததை நீ கேட்காதே, நீ பார்த்ததை அவர் வீட்டாரிடம் சொல்லாதே. அதன்படிதான் நடந்தேன் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஐந்து நிமிடம்கூட அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளேயரைப் பொருத்த நானே வருவதாகச் சொல்லி வழி கேட்டேன். குணா சொன்னார்:

"ஸ்டேஷன்ல எறங்குங்க. பிரிட்ஜு ஏறாதீங்க, சுத்து. பிளாட்பாரம் முடியற எடத்துல எறங்கி லைன தாண்டுனா நேரா நம்ம தெரு. இவ டெய்லி அப்டித்தான் வேலைக்குப் போறா, வர்றா."

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் மட்டும் போவதில்லை. நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் அதே வழியாகத்தான் போகின்றன. ஒரு வண்டி போனதும் தாண்டலாம் என்று காலை வைக்கிறவர்கள் அடுத்த லைனில் வருவதைக் காதால்தான் தெரிந்துகொள்கிறார்கள். வழி எழுதிய சீட்டு என் கையில் இருந்தது. லைனைத் தாண்டி என்று நானே எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை. பில்லில் இருந்தது குணாவின் நம்பர் மட்டும். அவரிடம் சொன்னால் அந்த அம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டதை மீறியதாகும். சொல்லாவிட்டால், மீறாத பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இரண்டு தடவை நம்பரை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் வெட்டினேன். வாஷிங் மெஷின் கேட்டு வந்தவரை ஃப்ரிட்ஜ் பக்கம் கூட்டிப்போனேன். அவர் நல்ல மனிதர், நானாக உணரும்வரை கூடவே வந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஆவடிப் பக்கமிருந்து வந்த ஒருவர் கவுன்டரில் நின்று, பட்டாபிராமுக்கு அந்தப் பக்கம் யாரோ ரயிலில் அடிபட்டுவிட்டதால் வண்டியெல்லாம் லேட் என்றார். ஆணா பெண்ணா என்று கேட்டேன். தெரியாது என்றார். நெமிலிச்சேரி இருப்பது அந்தப் பக்கம்தான். விதியாவது ஒன்றாவது என்று குணாவுக்குப் போன் செய்தேன். ஏழெட்டு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

வீட்டில் எல்லாரும் நல்லாருக்காங்களா என்று கேட்டேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

"இன்னா சார், பொருள வித்துட்டு நலம் விசாரிக்கிறீங்க? ஃபால்ட்டு பீஸா?"

பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும், மேகலா யாரையோ அதட்டும் குரலும் கேட்டன. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. நாளை வருவதை உறுதி செய்யத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கவுன்டரில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். அடிபட்டது யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அந்த அம்மா இல்லை என்று தெரிந்ததும் நான் நிம்மதியடைந்தேன் என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன். வேறு யாரோ ஒருவருடைய வீட்டார் அன்று போட்ட போன் எடுக்கப்பட்டிருக்காது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நெமிலிச்சேரியில் இறங்கினேன். நடைமேம்பாலம் ஏறி, சுற்றிக்கொண்டுதான் போனேன். பிளேயர் முன்னமே கடை வண்டியில் வந்திருந்தது. கூடத்தில் பெரிய டிவி. அதன் முன்னால், திரையின் அடிப்பகுதியை ஒரு சாண் மறைத்துக்கொண்டு, குணா தானே மரம் அறுத்துச் செய்த நடு ஸ்பீக்கர். குரல் வாயிலிருந்து வருவது போலவே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். மேகலா காபி கொண்டுவந்து வைத்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை.

ஒயர் எல்லாம் மாட்டி முடித்ததும் குணா மனைவியைக் கூப்பிட்டார். வழக்கம்போல் நடுவில் உட்காரவைத்தார். இரண்டு செட்டிங் போட்டுக் காட்டுவதாகவும் எது நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ரிமோட்டோடு மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மேகலாவின் கைகள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தன. இப்போது அவர் எதிரில் இருந்தது நான் ஒருவன்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு விளங்கியது. முதல் செட்டிங்குக்கு நான் தலையை லேசாக ஆட்டினால் போதும். முதலாவது என்று அவர் சொல்லிவிடுவார். இன்றைக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக அவர் லைனைத் தாண்டுவார்.

குணாவிடமிருந்து ரிமோட்டை வாங்கினேன். மெனுவுக்குப் போய்ப் படத்தின் அடியில் வரும் ஆங்கில எழுத்தைப் போட்டேன். எழுத்தில் மேல்பாதி தெரிந்தது. கீழ்ப்பாதி ஸ்பீக்கருக்குப் பின்னால் போனது.

"இன்னா சார் இது, தமிழ்ப் படத்துக்கு எழுத்து? அசிங்கமா கீது, எடுங்க."

நான் மேகலாவுக்கு எதிரே வந்து, என் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, நிதானமாகச் சொன்னேன். "கொஞ்சம் இருக்கட்டும் குணா. எனக்கு வலது காது மந்தம். எழுத்து இருந்தாத்தான் எனக்குப் படம் முழுசா புரியும்."

அது பொய். அன்றைக்கு என் காதுகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

குணா சிரித்துவிட்டார். "சவுண்டு செக்‌ஷன்ல ஒக்காந்துகினு காது மந்தமா? உங்க ஓனருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா வேற செக்‌ஷனுக்கு மாத்திருவாங்க. எனக்கு இந்த ரூம்தான் புடிச்சிருக்கு. அதான் சொல்லல."

டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். என் பயமெல்லாம் மேகலா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார் என்பதுதான். அவர் எழவில்லை.

"எனக்குந்தான்" என்றார்.

குணா இன்னும் சிரிப்பை முடிக்கவில்லை. "நீ வேற."

"நெசமா. ரெண்டு வருஷம் ஆவுது. மொதல்ல எடது காது. இப்ப ரெண்டுலயும் சரியா கேக்கல. மெஷின் பக்கத்துலயே ஸ்டோர்ஸ், அதனாலயோ என்னமோ."

குணா மேகலாவுக்கு முன்னால் வந்து நின்றார். நான் படத்தை நிறுத்தி வைத்தேன். அவருடைய ஸ்பீக்கர், அவருடைய மீட்டர், மண்டபங்கள் என்று ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அப்ப லைன எப்டி தாண்டுற?" என்றார்.

"பாத்துதான். ரெண்டு பக்கமும் பாப்பேன். முன்னால யாராச்சும் போனா அவங்க பின்னாலயே போவேன். அவங்க நின்னா நானும் நின்னுருவேன்."

"யாரும் இல்லாங்காட்டி?"

குணா பிளேயர் வந்த காலி அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அது அவர் கனத்தில் அப்படியே அமுங்கியது. அவர் எழவில்லை. போன மாதம்கூடத் திருவேற்காட்டு மண்டபத்தில் டிரெபிளைக் குறைக்கச் சொன்னாயே, அது எப்படி என்று கேட்டார்.

"உன் மூஞ்சப் பாத்துதான். சவுண்டு புடிக்கலன்னா புருவத்த சுருக்குவ. புடிச்சிருந்தா கால ஆட்டுவ. கடையில நீ போன் பேசப் போயிட்ட. அதான் மாட்டிக்கினேன்."

"அப்ப ரெண்டு வருசமா என் காதுல நானேதான் கேட்டுகினு கீறேனா?"

"நல்லாத்தானே ஓடிச்சு" என்றார் மேகலா. "சொன்னா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டியே."

இந்த இடத்தில் நான் அங்கிருந்து எழுந்து போயிருக்க வேண்டும். போகத் தெரியாமல் பிளேயரைப் பற்றிப் பேசினேன். எழுத்தை மேலே ஏற்றி வைக்கும் வசதி அந்த இன்னொரு பிளேயரில்தான் உண்டு, அதுதான் உங்களுக்குச் சரி, நான் கேட்காமல் விட்டது என் தப்பு, மாற்றிக்கொடுத்துவிடுகிறேன் என்றேன். குணா கேட்டாரா என்பதே தெரியவில்லை. எழுந்தார். நடு ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைக் கழற்றினார். மியூட் போடவில்லை. டொம்மென்று கூடமே அதிர்ந்தது. அவர் கண்டுகொள்ளாமல் அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கித் தரையில் இறக்கிவைத்தார்.

"மாத்த வேணாம் சார். இத எறக்கிட்டா எழுத்து தெரியுது பாருங்க."

தெரிந்தது. படத்தை மறுபடி ஓடவிட்டேன். மழை வரும் இடத்தில், மழை பெய்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத்தும் ஓடியது.

கிளம்பியபோது இருவரும் ஸ்டேஷன் வரை வந்தார்கள். தெருமுனையில் குணா வழக்கம்போல் லைன் பக்கம் திரும்பி இரண்டு அடி வைத்தார், நின்றார், பாலத்தின் பக்கம் நடந்தார். பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் தூரத்திலிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நானும் குணாவும் திரும்பினோம். மேகலா திரும்பவில்லை. குணா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி எங்கள் காலுக்குக் கீழே நுழைந்தபோதுதான் மேகலா அதிர்ந்த கைப்பிடிக் கம்பியிலிருந்து உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார்.

"எக்ஸ்பிரஸ்" என்றார்.

குணா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் காது டாக்டரிடம் போய் இடது காதுக்குக் கருவி வைத்திருப்பதாக குணா போனில் சொன்னார். கருவி வைத்ததும் அந்த அம்மா முதலில் சொன்னது, உன் ஸ்பீக்கர் ரொம்பக் கத்துது என்பதாம். குறைத்துவிட்டாராம். மண்டபத்தில் நடு நாற்காலி அவருடையதாகவே இருக்கிறது.

நான்காவது கேள்வி, யார் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்பதுதான். அதை நீங்கள் எல்லாரிடமும் கேளுங்கள். கேட்டாலும் பலர் சொல்ல மாட்டார்கள். அப்போது, அவர்கள் சொல்வதற்கு ஒரு இடம் ஏற்படுத்திக் கொடுங்கள். நான் ஒரு பொய் சொல்லி ஏற்படுத்தினேன். அதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் என்னைப் போல வியாழன் முதல் ஞாயிறு வரை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மூன்று நாளில் அந்த அம்மா எப்போது வேண்டுமானாலும் யாரோ ஒருவர் பின்னால் லைனைத் தாண்டியிருக்கலாம் என்பதை நான் தெரிந்தே விட்டிருந்தேன்.

திருவள்ளூரில் தங்கை வீட்டுக்கு மாதம் ஒருமுறை அந்த வழியாகத்தான் போகிறேன். நெமிலிச்சேரி வரும்போது கையில் இருக்கும் புத்தகத்தை மூடிவிடுவேன். முதலில் லைனைப் பார்ப்பேன். பிறகுதான் பாலத்தைப் பார்ப்பேன்.